எட்டரைப் பேருக்கு ஓர் ஐயர்

வாங்க ஐயரே. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க. குரோம்பேட்டை ஃப்ளாட்டுல எங்களுக்கெல்லாம் பால்கனிதான் திண்ணை.

ராஜினாமாக் கடுதாசியா? குடுங்க. "மனச்சோர்வு காரணமாக." எழுத்து முத்து முத்தா இருக்கே, சோர்ந்த ஆளு எழுதின மாதிரியே இல்லையே. புதன்கிழமை ஜெபத்துக்கு ஒம்பது பேருதான் வர்றாங்க. கமிட்டியில பொருளாளர் வெளக்குமாறு வாங்கினதுக்கு ரசீது கேக்கறார். மைக்கு சத்தம்னு எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குப் போனார். போனவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் குடுத்து அனுப்பினாராமே? கொடுமைதான். மீனம்பாக்கம் விமானம் வேற, நீங்க ஆமென் சொல்ற நேரமாப் பார்த்துத் தலைக்கு மேல போவுது. பவுலடிகளே இந்தப் பாடு படலை.

நான் பொறையார்க்காரன். பக்கத்துல தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி அங்க கப்பல்ல வந்தாரு சீகன்பால்கு. மறுநாள்தான் 24 வயசு முடியுது. வேதம் சொல்ல டென்மார்க் ராஜாவே அனுப்பின மிஷனரி. அங்க இருந்த டேனிஷ் கோட்டைக் கவர்னர் மாலை போட்டு வரவேற்றாருன்னா நெனைக்கிறீங்க? எவன் இவனைக் கூப்பிட்டான்னு தெருவுல நிக்கவுட்டாரு. அந்தக் கவர்னரும் ஞானஸ்நானம் வாங்கினவருதான், ஐயரே. எதிர்வீட்டுக்காரராவது உங்க சபையில இல்லை, அவர்மேல ஏன் கோச்சுக்கறீங்க?

மனுஷன் சின்னப் பசங்களோட தரையில உக்காந்து, மணல்ல வெரலால அ, ஆ எழுதிக் கத்துக்கிட்டாரு. சீமையிலேருந்து காசு வந்துச்சு. கரைக்குக் கொண்டார்ற படகு கவுந்து, பெட்டி கடல்ல போயிடுச்சு. உங்க உண்டியல்ல கெடக்கற பத்து ரூவா காசாவது நனையாம இருக்கு. 1708 அக்டோபர்ல புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க உக்காந்தாரு. அடுத்த மாசமே கவர்னர் தூக்கி உள்ள போட்டாரு. நாலு மாசம். வெளியில வந்து, வுட்ட எடத்துலேருந்து புடிச்சு, 1711ல முடிச்சாரு. அச்சடிக்கலாம்னா, ஜெர்மனியிலேருந்து வந்த தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் பூசணிக்கா மாதிரி, காகிதம் கட்டுப்படியாவலை. பாலாடைக்கட்டி டப்பாவோட ஈய மூடியை உருக்கி சின்ன எழுத்து வார்த்தாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. 1715ல புஸ்தகம் முழுசா வந்துடுச்சு.

நம்ம ஊரு சாமிங்களைப் பத்தி விசாரிச்சு விசாரிச்சு ஒரு புஸ்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினாரு. அங்க இருந்த பெரியவர், இதை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம், இங்க பரப்பறதுக்கான்னு மூலையில போட்டுட்டாரு. அது சென்னையில அச்சாவறப்ப 1867. எழுதினவரு மண்ணோட மண்ணாகி ஏறக்குறைய 150 வருஷம்.

கடைசியில கோபன்ஹேகன் மிஷன் கமிட்டியிலேருந்து கடுதாசி. கோயில் எதுக்கு, கட்டடம் எதுக்கு, அப்போஸ்தலர் மாதிரி நடந்து போனா ஆவாதான்னு. வெளக்குமாத்து ரசீது மட்டுந்தான் கேக்கலை. அந்தக் கோயில் 1718ல கட்டினது, இன்னும் நிக்குது. மறுவருஷம் பிப்ரவரியில அவர் போயிட்டாரு. 36 வயசு. அவரையும் அதுக்குள்ளதான் வெச்சிருக்கு.

சோர்வு பொய்யின்னு நான் சொல்லலை. வயித்து நோவோட கெடந்த அந்த மனுஷனுக்கும் அது இருந்திருக்கும். உங்க கணக்குதான் எனக்கு இடிக்குது. ஒம்பது பேர்ல என்னையும் சேர்த்திருக்கீங்க. பிரசங்கத்துல மூணாவது பாயிண்டு வர்றதுக்குள்ள நான் தூங்கிடறவன். எட்டரைன்னு போடுங்க.

சரி, கடுதாசி திங்கக்கிழமைதானே போவுது? இன்னிக்கு சனி. அஸ்தினாபுரத்துல அந்தக் கெழவி வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்கா. ஐயர் வரலையான்னு ரெண்டு தரம் ஆளு வுட்டுட்டா. வண்டியைக் கெளப்புங்க, நானும் பின்னால ஏறிக்கறேன். பள்ளம் பார்த்து ஓட்டுங்க ஐயரே. நானும் விழுந்தா, புதன்கிழமை உங்களுக்கு அந்த அரையும் கெடையாது.