பஞ்சிர்: சுங்கை டூவா சோற்றுத் தட்டில் குழம்பு வெள்ளம்

மலாய் மொழியில் ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கு அது ஆற்றைப் பற்றிய சொல். பினாங்கில் படித்தவர்களுக்கோ அது சோற்றைப் பற்றிய சொல். நாசி கண்டார் கடையில் நின்று “அண்ணே, பஞ்சிர்!” என்றால், நாலைந்து சட்டிக் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தட்டின் விளிம்பு வரை நிரப்பித் தருவார்கள். குழம்புக்குத் தனிக்காசு கிடையாது. இவ்வாய்வின் மூலநூல் இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் உரை.

மரபுப்படி முதற்பொருளில் தொடங்குவோம். நிலம்: சுங்கை டூவா. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், இதே பெயரில் இன்னோர் ஊர் உண்டு. தப்பான பேருந்தில் ஏறி அங்கே போய் இறங்கியவர்களை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை. நம் சுங்கை டூவா, பினாங்குத் தீவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஒரு வாசலை ஒட்டிக் கிடப்பது. 1969-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1971-இல், பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன மிண்டன் முகாமுக்குக் குடிவந்தது. மிண்டன் என்பது 1759-இல் ஜெர்மானிய மண்ணில் நடந்த ஒரு போர். அதில் யார் யாரை வென்றார்கள் என்று எங்கள் விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் பசிதான் வென்றுகொண்டிருந்தது. ஆகவே சிறுபொழுது அதுவே.

பெரும்பொழுது, கல்விக்கடன் வருவதற்கு முந்தைய இரண்டு வாரம். 1997-இல் பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன் நிதி வந்த பிறகு, “காசு ஏறிடுச்சா?” என்பதே விடுதியில் காலை வணக்கம். ஏறிய வாரம் தட்டில் பொரித்த கோழி, கணவாய், வெண்டைக்காய், மேலே மரியாதைக்கு ஒரு கரண்டிக் குழம்பு. நாள் போகப் போக முதலில் கணவாய் மறையும். பிறகு கோழி. கடைசியில் மிஞ்சுவது ஓர் அவித்த முட்டை, நாலாபுறமும் குழம்பு சூழ, பினாங்குத் தீவைப் போல. கையிருப்பு இறங்க இறங்கக் குழம்பு மட்டம் ஏறும் என்பது இவ்வாய்வு கண்ட முதல் விதி. மாதிரி அளவு: இரண்டு அறை, நான்கு பேர். அவர்களில் ஒருவன் மற்ற மூவரிடமும் கடன் வாங்கிக் கோழி தின்றுகொண்டிருந்ததால், அவன் தட்டில் மட்டும் விதி பொய்த்தது.

குழம்பு ஊற்றுவதிலும் இலக்கணம் உண்டு. கரண்டியின் முதுகால் சோற்றுக் குவியலில் ஒரு குழி. மீன் குழம்பு அதில் இறங்கும். மேலே கோழிக் குழம்பு. ஓரத்தில் கருப்பாக, கெட்டியாக, சோயா வாசத்தோடு இன்னொன்று. எங்களில் இருவர், “அண்ணே, மாட்டுக் குழம்பு வேணாம்” என்பார்கள். அண்ணனும் தலையாட்டுவார். கரண்டி ஒன்றே, சட்டி பல என்ற தத்துவச் சிக்கல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஊரில் இருந்த அம்மாக்களுக்கும் அது தெரிவிக்கப்படவில்லை.

பஞ்சிரைப் பொட்டலம் கட்டலாமா என்பது அடுத்த வினா. கட்டக் கூடாது என்பதே ஆய்வாளரின் துணிபு. ஆயினும் மழை நாளில் கட்டினோம். பழுப்புத் தாளில் சோறு, ரப்பர் வளையம், தனிப் பிளாஸ்டிக் பையில் குழம்பு என்பது கடைக்காரரின் பரிந்துரை. “சோத்துலேயே ஊத்துங்கண்ணே” என்பது எங்கள் பிடிவாதம். பொட்டலம் கப்சாய் மோட்டார் சைக்கிளின் கொக்கியில் தொங்கும். வளைவுதோறும் ஆடும். மேட்டில் ஏறும்போது பின்னால் உட்கார்ந்தவனின் கால்சட்டை மஞ்சளாகும். அறைக்கு வந்து பிரித்தால் தாளே குழம்பைக் குடித்திருக்கும். ஒருவன் அந்தத் தாளைப் பிழிந்து பார்த்தான். விளைவு திருப்தியில்லை.

இனி வரலாறு, சுருக்கமாக. ‘கண்டார்’ என்பது தோளில் வைக்கும் காவுதடி. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஜார்ஜ் டவுன் துறைமுகத்து உழைப்பாளிகளுக்குச் சோறு விற்ற காலத்தின் பெயர் அது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து பினாங்கு வந்தவர்கள் பலர். கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இலிருந்து இருக்கிறது. மூட்டை தூக்கியவருக்கு நிறையச் சோறும் அதை இறக்கக் குழம்பும் வேண்டியிருந்தன. கறி இரண்டாம் பட்சம். மாணவனுக்கும் அதே. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ ஆய்வாளரிடம் சான்றில்லை, ஆசை உண்டு. சீன நண்பர்கள் இவ்விடத்தில் குறுக்கிட்டு, பினாங்கின் ஞாபகம் சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் இருக்கிறது என்பார்கள். அதில் குழம்பு இல்லை என்பதால் அக்கருத்து தள்ளப்படுகிறது.

மீதமிருப்பது களப்பணி. இருபது ஆண்டு கழித்து ஆய்வாளர் பாலம் வழியே காரில் வந்தார். மஞ்சள் பேருந்து இல்லை. அக்கரைக்கு ஓடிய பழைய ஃபெரிக் கப்பல்கள் 2020 முடிவோடு ஓய்ந்துவிட்டன. பல்கலைக்கழகத்து மரங்கள் தடித்திருந்தன, அவரும்தான். முதல் இரவு கோழி, கணவாய், மீன் முட்டை எல்லாம் கேட்டார். தட்டில் வெள்ளத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கறிகளுக்கு நடுவே குழம்பு கால்வாயாக ஓடியது. சோதனை தோல்வி.

மறுநாள் நிபந்தனைகளைப் பழையபடி அமைத்தார். அதே பதினொரு மணி, வரிசையில் முன்னும் பின்னும் பிள்ளைகள், அவித்த முட்டை ஒன்று. “அண்ணே, பஞ்சிர்!” என்றார். கரண்டி பிடித்திருந்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஊர் தென்காசிப் பக்கமாம். முன்னால் நின்ற பையனுக்கு, “தம்பி, இன்னும் ஊத்தவா?” என்று கேட்டுக் கேட்டு ஊற்றியவர், ஆய்வாளரின் தட்டைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

“வெறும் முட்டைதானா, சார்?”

மாறிய காரணி பிடிபட்டது. குழம்பு அளவாக விழுந்தது. சட்டையில் படாமல்.