கணித ரியூசனின் தோற்றம்: கொண்டச்சிக் குடாவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கணித ரியூசன் எக்காலத்தில் தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. எவரும் இதுவரை யோசிக்கவில்லை என்பதே காரணம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பணம் புரளும் இடத்தில்தான் நம்மவர்கள் கணக்கை ஒழுங்காகப் படித்தார்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதற்குச் சான்று, மன்னார்க் கரையில் அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் நடுவே இருக்கும் கொண்டச்சி.

முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் இந்தக் கரையில் திடீரென ஒரு பட்டணம் முளைக்கும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய றொபேட் பேர்சிவல், கொண்டச்சிக் குடாவில் கூடிய பல தேசத்துச் சனத்தைக் கண்டு வியந்திருக்கிறார். சுழியோடிகளும் வியாபாரிகளும் அங்கே குவிந்தார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரவாதிக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. ‘இந்தக் கேள்வி நிச்சயம் வரும்’ என்று பரீட்சைக்கு முதல்நாள் அடித்துச் சொல்லும் சேர்மாரின் மூதாதை இவரே என்பது துணைத்தேற்றம். நிறுவல் வாசகருக்கு விடப்படுகிறது.

கணக்கு தொடங்குவது சிப்பி திறந்த பிறகு. முதலில் சலிப்பு. 20, 30, 50, 80 என்று ஏறி 1000 வரை துளையிட்ட பத்துப் பித்தளைக் கிண்ணங்கள். துளைகள் கூடக்கூட அவை சிறுக்கும். 20இல் தங்குவது பெரிய முத்து, 1000 வரை இறங்குவது பொடி. அடுத்து நிறை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மதிப்பிடுவதோ இப்படி: மஞ்சாடிக் கணக்கில் வந்த நிறையை வர்க்கித்து, முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நாலு மஞ்சாடி நிறையுள்ள ஒற்றை முத்தென்றால் பதினாறில் முக்கால், பன்னிரண்டு. அதே நாலு மஞ்சாடியை நாலு முத்துகள் சேர்ந்து நிறுத்தால், மூன்று மட்டுமே. நிறத்துக்கும் உருட்சிக்கும் ஏற்ப விலைபேசுவது அதற்குப் பிறகுதான். ஆணி முத்து தனிச்சாதி.

வர்க்கமும் விகிதமும் வகுத்தலும் ஒரே மூச்சில். பிழைத்தால் சிவப்பு மையில்லை, கைக்காசு போகும். இதைவிடக் கண்டிப்பான கணித வகுப்பு எங்கே இருந்திருக்கும்?

தற்காலத்துக்கு வருவோம். 1945 முதல் இலவசக் கல்வி கொடுக்கும் நாட்டில், சாதாரண தரத்துக்கு கணிதம் கட்டாய பாடம். ஆகவே ரியூசனும் ஏறக்குறையக் கட்டாயம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவருக்கு சனி, ஞாயிறு என்று தனி நாட்கள் கிடையா. கொட்டிலில் வாங்குப் பலகை நிறைய நிறைய, பின்வரிசைக்கு எட்டுவது சேரின் குரல் மட்டுமே. முத்துச் சூத்திரத்தில் எண்ணிக்கை வகுக்கும். ரியூசன் சூத்திரத்தில் அது சேரின் வருமானத்தைப் பெருக்கும், பிள்ளைக்குக் கிடைக்கும் கவனத்தை வகுக்கும்.

சலிப்பும் நின்றபாடில்லை. பித்தளைக் கிண்ணத்தின் இடத்தில் 2001 முதல் ‘இசட்’ புள்ளி. பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மாணவரைப் பல்கலைக்கழக வரிசையில் நிறுத்துகிறார்கள். பிறகு நாற்பது வீதம் நாடு தழுவிய திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தக் கடைசிப் பட்டியலில்.