தணிக்கைக்கு உட்பட்ட தோள்வலி

அப்பா உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஊராட்சி ஒன்றியங்களின் தெருவிளக்குக் கணக்கில் பல்பு எண்ணியே தலை நரைத்த மனிதர். அவர் ஆறு மாத விசாவில், அமெரிக்காவில் நான் இருக்கும் எடிசனுக்கு வந்திருக்கும்போதா எனக்குத் தோள் பிடித்துக்கொள்ள வேண்டும்? வாசல் பனியை வாரிக் கொட்டியதன் பலன். கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் ஆகுமாம். பி.ஏ. என்றால் வியாழக்கிழமையே வரலாமாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கோப்பு எதையும் திறக்கும் முன் அவர் செய்கிற காரியம் அது.

"பி.ஏ.ன்னா?"

"பிசிஷியன் அசிஸ்டென்ட், அப்பா. பரிசோதிப்பாங்க, மருந்து எழுதிக் கொடுப்பாங்க. கூட ஒரு டாக்டர் பொறுப்புல இருப்பார்."

"கம்பவுண்டர்னு சொல்லேன்."

சொல்கிறவர், கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைக் கம்பவுண்டரிடமே காலம் பூராவும் ஊசி போட்டுக்கொண்டவர். பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் வெட்டி ஒட்டி, சிவப்பாக ஒரு மிக்சர் கொடுப்பார் அந்தக் கம்பவுண்டர். என்ன படித்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. டாக்டர் வெளியூர் போன நாளில்தான் அங்கே கூட்டமே அதிகம். ஆனால் அமெரிக்காவில் ஒருவர் மகனின் தோளைத் தொடப்போகிறார் என்றால் அப்பாவுக்கு ஆவணம் வேண்டும். அசல் ஆவணம்.

லேப்டாப்பைத் திறந்து, பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தோம். நாட்டில் டாக்டர்கள் போதவில்லை என்று 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற பேராசிரியர் தொடங்கிய படிப்பு இது. கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துத் திரும்பிய நான்கு பேரைச் சேர்த்தார். 1967இல் மூன்று பேர் தேறி வெளியே வந்தார்கள்.

"75 பர்சென்ட் ரிசல்ட். பரவாயில்லை," என்றார் அப்பா. "ஆக, கம்பவுண்டருக்குக் காலேஜ் வெச்சிருக்கான். நம்ம ஊர்ல யாருக்காவது தோணிச்சா பாரு."

தமிழ்நாட்டிலும் இது பி.எஸ்சி. படிப்பாக இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோப்பும் திறக்கும்.

அடுத்து, மாநில அரசின் தளத்தில் நான் பார்க்கப்போகும் பி.ஏ.வின் பெயரைத் தட்டியதும் உரிமம் வந்து நின்றது. எண், வழங்கிய தேதி, முடியும் தேதி, 'ஆக்டிவ்'.

"ஒழுங்கு நடவடிக்கை?"

"இல்லைப்பா."

"இல்லைன்னு போட்டிருக்கா, இல்லை, ஒண்ணுமே போடலையா?"

பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்பதோடு ஒரு 'சி'யும் ஒட்டிக்கொண்டிருந்தது. தேசியச் சான்றிதழ் ஆணையத்தின் 300 கேள்வித் தேர்வில் தேறியவர் என்று அர்த்தம். தேறிவிட்டால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 100 கிரெடிட் தொடர்கல்வி, 10 வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி தேர்வு. அடுத்து 10 இலக்க என்.பி.ஐ. எண்ணைக் காட்டினேன். "நம்பர் கொடுத்துட்டா தகுதி வந்துடுமா?" என்றார். நியாயமான கேள்விதான். அது பில் போடுவதற்கான அடையாள எண். உரிமம் உண்டு என்பதற்கு அத்தாட்சி இல்லை.

இவ்வளவும் காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் யோக்கியதாம்சங்களை உட்கார்ந்த இடத்தில் அலசிவிட்டோம். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற இன்சூரன்ஸ் இதற்குக் காசு தருமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு மதியம் பூராவும் போயிற்று.

கிளினிக்கில் கேட்டால், "உங்க இன்சூரன்ஸை எடுத்துக்கறோம்" என்கிறார்கள். எடுத்துக்கொள்வது வேறு, இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க்கில் இருப்பது வேறு. கார்டை யார் நீட்டினாலும் எடுத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆனால் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய ஏதோ ஒரு ஊர் விலாசத்தில். பட்டியலை 90 நாளுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது என்றேன்.

"யார் தணிக்கை பண்றது?" என்றார் அப்பா. குரலில் வேலை கேட்கிற தொனி இருந்தது.

போன் போட்டோம். முதலில் சங்கீதம். பிறகு பதிவு செய்த குரல்: இங்கே சொல்லப்படும் எதுவும் பணம் தருவதற்கான உத்தரவாதம் அல்ல. "கேள்வியே கேக்கலை, அதுக்குள்ள மறுப்பா?" என்று அப்பா அசந்துபோனார், அவர் சர்வீஸில் எந்த ஒன்றியமும் இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்ததில்லை. ஒருவழியாக லைனுக்கு வந்த பெண் என்.பி.ஐ. எண் கேட்டார், கிளினிக்கின் வரி எண் கேட்டார், எந்தக் கிளை என்று கேட்டார். இந்த விலாசத்தில், இந்த வரி எண்ணில், நெட்வொர்க்கில்தான் இருக்கிறாராம். என் பங்காகக் கட்ட வேண்டிய கோபே டாக்டருக்கு எவ்வளவோ அதேதானாம்.

"ஜூனியருக்குத் தள்ளுபடி கிடையாதா?"

முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் உண்டு என்றேன். பி.ஏ. தன் பெயரில் பில் போட்டால், டாக்டருக்கான தொகையில் 85 சதவீதம்தான் கணக்கு. 15 சதவீதம் சிக்கனம் என்றதும் அமெரிக்க அரசாங்கத்தின் மேல் அவருக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. பேசிய பெண்ணின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் கேட்டு வாங்கி டைரியில் ஏற்றிக்கொண்டார். "பின்னாடி தகராறு வந்தா இதுதான் பேசும்." இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை எடிசனில் எல்லாரும் கேட்கலாம்.

வியாழக்கிழமை அந்த பி.ஏ. என் கையைப் பக்கவாட்டில் தூக்கினார், முதுகுப் பக்கம் மடக்கினார், தன் உள்ளங்கையை எதிரே வைத்துத் தள்ளச் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு, பதிலை முடிக்கவும் விட்டார். இது டாக்டர்களிடம் எனக்கு வாய்க்காத பாக்கியம். தசைநாரில் சுளுக்கு, எக்ஸ்ரே வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார். அதற்குள் அப்பா சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை மூக்கு உரசும் தூரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"அவர் மருத்துவரா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"ஆடிட்டர்."

அவர் முகத்தில் லேசான கலவரம் தெரிந்தது. பிசியோதெரபிச் சீட்டை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சில வாரம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து தபால் வந்தது. தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல'. கீழே வரிசையாகத் தொகைகள்: கிளினிக் கேட்டது, இவர்கள் ஒப்புக்கொண்டது, நான் தர வேண்டியது. அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

"பில் இல்லைன்னா எதுக்குடா டோட்டல் போட்டிருக்கான்? அந்தச் சிவப்புப் பேனாவை எடு."