சென்சாரு என்ன பாவம் செஞ்சுது?

பேராண்டி, நீ செஞ்சது அத்தனையும் சரிதான். வண்டி ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுச்சு. மொதல்ல பேட்டரியை மாத்துன. அப்புறம் பிளக்கு. அப்புறம் டேங்குக்குள்ள கெடக்கிற பெட்ரோல் பம்பு. நடுவுல ஒங்க அம்மாச்சி பேச்சைக் கேட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துன. எதையும் நான் கொறை சொல்ல மாட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் பிள்ளைகுட்டிக்காரரு, அவரும் பொழைக்கணும்ல. இதுல எலுமிச்சம்பழம்தான் வெல கம்மி. பலன் மத்த மூணுக்கும் சமம்.

இப்பக் கடைசியா, சில நூறு ரூவாய்க்கு ஒரு புளூடூத் சாமானத்தை வாங்கி, ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்கிற சாக்கெட்டுல சொருகி, போனைக் கொண்டாந்து என் மூக்குக்கு நேரா நீட்டுற. பி 0340. "தாத்தா, கேம் சென்சாரு போச்சு. புதுசுக்கு ஆர்டர் போட்டுட்டேன்." போட்டதுக்கப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்த, ஆசீர்வாதம் வாங்கவா? சரி, வந்துட்ட. திண்ணையில உக்காரு. அந்த நாயைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு.

கைப்பிள்ளையில ஒன்னையக் கோடாங்கிகிட்டத் தூக்கிட்டுப் போயிருக்கோம். ராத்திரி பூராம் வீல் வீல்னு அழுத. அந்த ஆளு உடுக்கையை அடிச்சு, கண்ணை உருட்டி, "தெக்குத் தெசையில ஒரு பொம்பளத் தெய்வத்துக்குக் கொறை இருக்கு"ன்னான். எந்தத் தெய்வம், என்ன கொறைன்னு அவன் சொல்லலை. தெக்க இருக்கிற அத்தனை அம்மனுக்கும் ஒங்க அம்மாச்சி பொங்கல் வச்சா. கடைசியில பாத்தா ஒன் காதுக்குள்ள எறும்பு.

ஒன் போன்ல வந்ததும் அந்த மாதிரிக் குறிதான். பி-ன்னா எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம். அடுத்த சைபரு, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. மூணுன்னா தீப்பொறி சம்பந்தம். கடைசி நாப்பது, கேம் பொசிசன் சென்சாரோட சர்க்யூட்டு. அந்தச் சர்க்யூட்டுல யாரு யாரு இருக்கா? சென்சாரு இருக்கு, அதுக்குப் போற வயரு இருக்கு, கனெக்டர் இருக்கு, எர்த் இருக்கு, கோடியில கம்ப்யூட்டரும் இருக்கு. இவ்வளவு பேருல ஒருத்தன் மேல சந்தேகம்னு குறி சொல்லுது. நீ விசாரணையே இல்லாம சென்சாரைப் புடிச்சுக் கம்பத்துல கட்டிட்ட. இப்ப நம்ம நாட்டுல வர்ற காருக்கெல்லாம் இந்தக் குறி சொல்ற ஏற்பாடு சட்டப்படி உண்டு. குறி கேட்டவன் அதுக்கு மேல யோசிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் போடலை.

கேம் சென்சாரு என்ன வேலை பாக்குதுன்னு கேட்டா மறுபடியும் போனைத் திருப்பிக் காட்டுற. நாலு வருசம் மெக்கானிக்கல் படிச்ச பிள்ளை. ஒனக்குச் சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. கீழ சுத்துறது கிராங்கு, மேல வால்வைத் தெறக்கிறது கேமு. கிராங்கு ரெண்டு சுத்து சுத்துனா கேமு ஒரு சுத்து. அதுக்குள்ள பிஸ்டன் ரெண்டு தடவை உச்சிக்கு வரும். ஒரு தடவை பெட்ரோலையும் காத்தையும் அமுக்கிக்கிட்டு, இன்னொரு தடவை பொகையை வெளிய தள்ளிக்கிட்டு. பிஸ்டன் வந்துருச்சுன்னு கிராங்கு சென்சாருக்குத் தெரியும். நெறைய வண்டியில அறுபது பல்லு சக்கரத்துல ரெண்டு பல்லை வேணும்னே எடுத்துட்டு அம்பத்தெட்டா வச்சிருப்பான், அந்தப் பொக்கைதான் அதுக்கு அடையாளம். எனக்கும் பல்லு கொறைச்சல்தான். என்னைய வச்சு எவனும் நேரம் பாக்கலை. ஆனா அந்தப் பிஸ்டன் எதுக்கு வந்துச்சு, அமுக்கவா தள்ளவான்னு கிராங்கு சென்சாருக்குத் தெரியாது. அதைச் சொல்றதுதான் கேம் சென்சாரு. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் எந்த சிலிண்டருக்குப் பெட்ரோல், எதுக்குப் பொறின்னு மொறை வைக்கும்.

அம்பாசிடர்ல இதை டிஸ்ட்ரிபியூட்டர் பாத்துச்சு. அதுவும் கேம்ஷாப்டுல இருந்துதான் ஓட்டம் வாங்கும், கிராங்குக்குப் பாதி வேகத்துல சுத்தும். பாயின்ட்டு கரிஞ்சா உப்புத்தாளை மடிச்சு ரெண்டு இழுப்பு. வண்டி தென்காசி வரைக்கும் போயிரும். 2014-ல உத்தர்பாராவுல அம்பாசிடர் கட்டுறதை நிறுத்துனாங்க. உப்புத்தாள் வச்சிருந்தவன் கையிலெல்லாம் இப்ப லேப்டாப்பு.

இந்தச் சென்சாருக்குள்ள இருக்கிற சூட்சுமம் புதுசு ஒண்ணும் இல்ல. 1879-ல அமெரிக்காவுல எட்வின் ஹால்னு ஒரு பிள்ளை, படிச்சுக்கிட்டு இருக்கும்போதே, மெலிசான தங்கத் தகட்டுல கரண்டை ஓடவிட்டு, பக்கத்துல காந்தத்தை வச்சுப் பாத்திருக்கான். குறுக்கால ஒரு சின்ன வோல்டேஜ் எந்திரிச்சுது. தங்கத்தை நம்ம கையில குடுத்தா அடுத்த நாளே அடகுக்கடைக்குப் போயிரும். அதனாலதான் அந்தக் கண்டுபிடிப்பு நமக்குத் தப்பிப்போச்சு. இப்பத் தங்கத்துக்குப் பதிலா ஒரு துளி சிலிக்கன் சில்லு, அது பின்னாடி ஒரு காந்தம். கேமுல இருக்கிற இரும்புப் பல்லு பக்கத்துல வந்தா ஒரு மாதிரி, வெலகுனா ஒரு மாதிரி. அவ்வளவுதான் அது பேசுற பேச்சு.

எப்பெப்ப மக்கர் பண்ணுச்சுன்னு கேட்டேன். "எப்பவும்"னு சொன்ன. அரை மணி நேரம் கொடைஞ்ச பெறகு உண்மை வெளிய வந்துச்சு. காலையில ஒத்த செல்புல எடுக்குது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மொணங்காமப் போகுது. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பால்கோவாவை வாங்க வண்டியை ஆப் பண்ணிட்டு எறங்குன. திரும்பி வந்து சாவியைத் திருகுனா கிர்ர் கிர்ர்னு இழுக்குது, எடுக்க மாட்டேங்குது. பால்கோவா ஒரு குறியீட்டோட வந்துச்சு, ஒன் வண்டி இன்னொண்ணோட வந்துச்சு. வேப்பமரத்தடியில கொஞ்ச நேரம் நிப்பாட்டுனா பழையபடி எடுக்குது.

இதுல பாதி விசயம் இருக்குல்ல, இதை ஏன்டா மொதல்லயே சொல்லலை? சூடானாக் கெடுது, ஆறுனா வேலை செய்யுது. எஞ்சின் சூட்டோட நின்னா, காத்து ஓட்டம் நின்னு போயி பானட்டுக்குள்ள வெக்கை இன்னும் ஏறும். சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். சென்சாருக்குள்ள பத்தவச்ச இணைப்பு எங்கயாச்சும் விரிஞ்சிருந்தா அந்தச் சூட்டுலதான் விட்டுப்போகும். இன்னொண்ணும் கேட்டுக்க. ஓடிக்கிட்டிருந்த வண்டி ரோட்டு நடுவுல படக்குன்னு நின்னா எனக்குக் கிராங்கு சென்சார் மேலதான் மொதச் சந்தேகம். ஓடுறது ஒழுங்கா ஓடி, நிப்பாட்டி எடுக்கும்போது மட்டும் இழுத்துச்சுன்னா கேமு. கேம் சேதி வராட்டாலும் சில வண்டி தட்டித்தடவி, ரெண்டு சுத்து கூட சுத்தி எடுத்துரும். டீசல்ல சிலது எடுக்கவே எடுக்காது, வீம்பு.

ஆக சென்சார் மேல சந்தேகம் நியாயந்தான். ஆனாலும் விசாரிக்கணும். மொதல்ல வயரு. கனெக்டர்ல இருந்து வயர் போற பாதையைக் கையால தடவிப் பாரு. எலி கடிச்சிருக்கா? "நாய்தான் வண்டிக்குக் கீழயே படுத்திருக்கே"ன்னு சொல்லாத. ராஜபாளையம் நாயின்னா 2005-ல தபால்தலையில படம் வந்த சாதிதான்; மறுக்கலை. வெள்ளை நாயில பொறவியிலேயே காது கேக்காததும் உண்டு. நம்ம வீட்டுல இருக்கிறது தபால்தலை நெனப்புலயே தூங்கும். மேல எலி கல்யாணமே நடத்தலாம்.

வயரு நல்லா இருந்தா கனெக்டரைக் கழட்டி மூஞ்சியைப் பாரு. பச்சைக் களிம்பு புடிச்சிருக்கா, முள்ளு வளைஞ்சிருக்கா, உள்ள எண்ணெய் நிக்குதா? எண்ணெய் நின்னா சென்சாரோட உள்சீல் விட்டுருச்சுன்னு அர்த்தம். அப்பச் சென்சாரு குத்தவாளிதான். இல்லாட்டி மறுபடியும் மாட்டிட்டு, வயரு உள்ள போற பின்பக்கமா ஒரு ஊக்கைச் சொருகி மல்டிமீட்டரை வையி. வயரை உரிக்காத, உரிச்ச எடத்துல அடுத்த மழைக்காலம் வேற வியாதி வரும். சாவியை ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாத. பெரும்பாலும் மூணு வயரு. ஒண்ணுல சப்ளை, அஞ்சு வோல்ட்டு, சில வண்டியில பேட்டரி வோல்ட்டே வரும். ஒண்ணு எர்த்; அதுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்டணும். மூணாவது சேதி சொல்ற வயரு. சப்ளையே வரலைன்னா நீ ஆர்டர் போட்ட புதுச் சென்சாரும் பட்டினிதான் கெடக்கும். அதே அஞ்சு வோல்ட்டை வேற சென்சாரும் பங்கு போட்டுத் தின்னும். அதுல ஒருத்தன் ஷார்ட் ஆனா எல்லாருக்கும் சோறு போச்சு.

இந்த வித்தை நான் கார்ல படிக்கலை. மில்லு மெயின்டனன்ஸ்ல படிச்சது. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஊருக்கு நூல் மில்லுதான் பள்ளிக்கூடம். எங்க காலத்துலயே மிசினுக்கெல்லாம் சென்சாரு வந்துருச்சு. கார்டிங்கோ சிம்ப்ளக்ஸோ, மிசின் சும்மா நின்னா எலெக்ட்ரீசியன் மொதல்ல சென்சாருக்கு முன்னாடி ஸ்குரூடிரைவரை ஆட்டிப் பாப்பான். லைட்டு மினுக்குனா சென்சாருக்கு விடுதலை. கோளாறு வேற எடம். ஆட்டிப் பாக்காம மாத்தணும்னு எவனாச்சும் ஸ்டோர்ஸுக்குப் போனா, பழசைக் கொண்டாந்து மேசையில வைக்காம ஸ்டோர் கீப்பர் புதுசு குடுக்க மாட்டாரு. அப்படி ஒரு மனுசன் ஒங்க வீட்டுல உக்காந்திருந்தா பெட்ரோல் பம்பு தப்பிச்சிருக்கும்.

அதே வித்தைதான் இங்கயும். சென்சாரைக் கழட்டி, கனெக்டர் மாட்டுனபடியே கையில வச்சுக்க. மீட்டர் சேதி வயர்ல. சாவி ஆன். மொனைக்குக் கிட்ட ஒரு இரும்பு ஸ்பானரைக் கொண்டுபோ, வெலக்கு, கொண்டுபோ. மீட்டர் மேலயும் கீழயும் தாவணும். எஞ்சின் பேன் தன்னால சுத்தும், விரலு பத்திரம். கல்யாணத்துக்கு மோதிரம் போட வேணும். ஆறி இருக்கும்போது தாவுது, அம்மாச்சியோட ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டுனதும் செத்துப்போகுதுன்னா, அவன்தான். இப்ப மாத்து. நான் தடுக்கலை.

மாத்துறதுல பெரிய வித்தை இல்ல, அவசரப்படாம இருக்கிறதுதான் வித்தை. அதுதான் ஒங்கிட்ட இல்ல. எஞ்சின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. கனெக்டர்ல ஒரு பூட்டு இருக்கும். அதை அமுக்கிட்டு இழு, வயரைப் புடிச்சு இழுக்காத. பத்து நம்பர் ஸ்பானருக்கு ஒத்த போல்ட்டு. எடுத்ததும் சென்சாரை இடமும் வலமும் லேசாத் திருகி உருவணும். வரலைன்னு ஸ்குரூடிரைவரை விட்டு நெம்புனா காது ஒடிஞ்சு, பாதி உள்ளயே நிக்கும். ஓட்டைக்குள்ள தூசி விழாமத் துணி போட்டு மூடு. அதுக்குன்னு சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை எடுக்காத. காயத்துக்குத்தான் அது, நூலு பிரிஞ்சு எஞ்சினுக்குள்ள விழும்.

பழசும் புதுசும் பக்கத்துல வச்சு நீளம் பாரு, பார்ட் நம்பர் பாரு. மொனையில இரும்புத் தூளு அப்பியிருந்தா அதை மட்டும் யோசி, எஞ்சினுக்குள்ள எதுவோ தேயுது. மலிவுன்னு வாங்குன டூப்ளிகேட் சென்சாரு ரெண்டே நாள்ல அதே குறியைச் சொல்லும். அப்ப நீ கம்ப்யூட்டரை மாத்தக் கெளம்பிருவ, ஒன்னையத் தெரியும். புது ஓ-ரிங்குல ஒரு சொட்டு எஞ்சின் ஆயில். கையால அமுக்குனா முழுசா உக்காரணும். உக்காராததைப் போல்ட்டைத் திருகி இழுத்து உக்கார வைக்காத. முறுக்கும் கம்மிதான், எட்டு பத்து நியூட்டன் மீட்டர்; ஸ்பானரை ரெண்டு விரல்ல புடிச்சா போதும், ஒங்க அப்பன் மாதிரித் தொங்க வேணாம்.

புதுசு போட்டும் குறி மாறி, பி 0016-ன்னு வந்தா சென்சாரை விட்டுரு. கிராங்கும் கேமும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலைங்கிறது அது. டைமிங் செயின் நீண்டிருக்கும், பெல்ட்டு வண்டின்னா ஒரு பல்லு தாவியிருக்கும். அது வீட்டு வாசல்ல வச்சுப் பாக்கிற வேலை இல்ல. நல்ல மெக்கானிக்கா பாரு, வண்டியை ஓட்டாம இழுத்துட்டுப் போ.

பழைய குறியை அழிச்சிட்டு, ஓட்டிப் பாக்கணும். வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு "சரியாப்போச்சு"ன்னு சொல்லக் கூடாது. எந்தச் சூட்டுல கெட்டுச்சோ அந்தச் சூட்டுல பாக்கணும். உச்சி வெயில்ல எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு தடவை நிப்பாட்டி, பத்து நிமிசம் கழிச்சு எடுக்கணும். ஆண்டாள் கோயில் பக்கம் நிறுத்து, எனக்கு அங்க ஒரு வேண்டுதல் பாக்கி. அடுத்து கிருஷ்ணன்கோவில்ல நிப்பாட்டிப் பாரு. அங்க ஒரு பழைய கூட்டாளி சீட்டுப் பணம் தரணும். கடைசியா வத்திராயிருப்பு. ஒங்க அம்மாச்சி தம்பி தோப்புல தேங்காய் பறிச்சு வச்சிருக்கான், சாக்குல கட்டித் தாரேன்னான். பாரம் ஏத்தி ஓட்டிப் பாத்தாத்தான் எஞ்சின் நல்லா சூடாகும். சாக்கு ரெண்டு எடுத்துக்க. முன் சீட்டு எனக்கு.