அப்பா போட்ட ஒரு வட்டி

எண்பதுகளில் திருப்பூரில் தொழில் தொடங்கிய யாரைக் கேட்டாலும் முதலில் வாங்கியது மெஷின் என்றுதான் சொல்வார்கள்; நம்பாதீர்கள். முதலில் அடித்தது லெட்டர் பேடு. காதர்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில், உலக உருண்டைக்குப் பனியன் மாட்டிவிட்டதுபோல் ஒரு படம் போட்டு, கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் நானும் அடித்து வைத்திருந்தேன். அன்றைக்கு என் ஆஸ்தி, வாடகைக்குப் பிடித்த ஓர் ஓட்டு வீடு, தவணையில் எடுத்த இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக். சரக்கு போய்ச் சேர்ந்த அதிகபட்சத் தூரம் ஈரோடு. அப்பா அந்தத் தாளை வாங்கி மேலும் கீழும் படித்துவிட்டு, "ஈரோட்டுக்கு எழுதறதுக்கு இத்தனை பெரிய பூமி வேணுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

பழி முழுக்க என் மேல் இல்லை. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வந்து வெள்ளை டி-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனாலும் போனார், ஊரில் மீசை அரும்பிய பையன் ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு வெள்ளைக்காரன் ரயிலிறங்கி வருவான் என்று ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பருத்தி மண்டியில் கணக்கு எழுதியவர். கண்ணில் பட்ட பஞ்சையும் கையில் வந்த பணத்தையும் தவிர வேறெதையும் வரவில் வைக்காதவர். ஆனாலும் என்னை வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஒரு நாள் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நூல்கடைக்குப் போனார் (சஃபாரி சூட் போட்டிருந்தேன், கேரியரில் உட்கார்ந்து அது கசங்கியதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை). கடைக்காரரிடம், "நம்ம பையனுங்க. நூல் கேட்டாக் குடுங்க. தவணை தப்புனா எனக்குச் சொல்லியனுப்புங்க" என்றார். அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, ஸ்டாம்ப் பேப்பர் இல்லை, கடைக்காரர் கேட்கவும் இல்லை. நாற்பதாம் நம்பர் நூல் மூட்டைகள் அன்று சாயங்காலமே வண்டியேறி வந்தன.

இப்போது அந்த வேலையைச் செய்ய சிபில் என்று ஒன்று இருக்கிறது. 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லி, ஆள் யோக்கியனா இல்லையா என்று நொடியில் தீர்த்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு எத்தனை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர் வாழ்நாளில் பாங்கில் கடனே வாங்காததால், கணக்குப்படி அப்படியொரு மனிதரே இல்லை என்று திரை காட்டியிருக்கும்.

மண்டியில் வேலை முடிந்ததும் அப்பா நேரே என் கம்பெனிக்கு வந்துவிடுவார். மேனேஜர் நாற்காலி என்று நான் வாங்கிப் போட்டிருந்ததில் உட்காரமாட்டார். மூலையில் ஒரு ஸ்டூல். கையில் சின்னக் கத்தரி. தைத்து வந்த பனியனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அக்குள் தையலைக் கட்டைவிரலால் ஒரு முறை நீவிப் பார்த்து, தொங்கும் பிசிறை வெட்டி, தட்டி மடித்து அடுக்குவார். டஜன் எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். மண்டி வழக்கப்படி 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார். லாபம், ரெண்டு, மூணு... உங்கள் ஊர்க் களத்துமேட்டிலும் அப்படித்தான் அளந்திருப்பார்கள். கைமடிப் பையன்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே எண்ணத் தொடங்கினார்கள். இன்று பார்கோடு எண்ணுகிறது, பிழையே வருவதில்லை. ஆனால் பெட்டிக்குப் பெட்டி லாபம் லாபம் என்று காதில் விழுந்த அந்தக் காலத்தில், கையில் லாபம் இல்லாத மாதத்திலும் ஏதோ வந்துகொண்டிருப்பது மாதிரி ஒரு தெம்பு இருந்தது.

சனிக்கிழமை வந்தால்தான் தொழிலதிபரின் சாயம் வெளுக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள் வாசலில் நிற்பார்கள். பம்பாய் ஏஜென்ட் அனுப்பியதாகச் சொன்ன செக் எந்த ஊரில் இருக்கிறது என்று அந்தத் தபால்காரருக்கும் தெரியாது. மண்டி போனிலிருந்து டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். எட்டு மடங்கு கட்டணத்தில் 'லைட்னிங்' கால் போட நான் துடிப்பேன், அப்பா விடமாட்டார். "சாதா காலே போடு. அவன் இல்லைன்னு சொல்றதை எதுக்குச் சீக்கிரம் கேக்கோணும்?" டீயும் தேங்காய் பன்னும் வரும். மணி அடிக்கும்வரை அவர் மண்டிக் கதை சொல்வார். இன்று வாட்ஸாப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்து, அவன் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது உடனே தெரிந்துவிடுகிறது. நடுவில் பன் தின்ன நேரமில்லை.

அப்படியொரு சனிக்கிழமை, மஞ்சள் பையில் சம்பளப் பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் நெகிழ்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஏலச்சீட்டுத் தள்ளி எடுத்தது. ஒரு வட்டி போட்டிருக்கேன். நோட்டுல எழுதிக்கோ" என்றார். எழுதினேன். மாதம் பிறந்தால் வட்டிக்கு வந்து நிற்பார், வாங்கியதும் வரவு வைத்துக் கையெழுத்துப் போடுவார். சும்மா கொடுத்தால் சும்மா செலவாகும் என்பது அவர் கட்சி. அம்மாவுக்கு இது பெரிய அவமானம். மகனிடம் வட்டி வாங்கும் மனுசன் என்று இரண்டு தெருவுக்குச் சொன்னாள்.

பிறகு நிஜமாகவே கப்பல் ஏறியது சரக்கு. கோட்டா வாங்க நான் அலைந்தபோது, துணிக்கு முன்னால் துணி அனுப்பும் உரிமைக்கே விலையா என்று அப்பா ரசித்துச் சிரித்தார். 2005-இல் அந்தக் கோட்டா ஒழிந்தபோது, விலை கொடுத்து வாங்கிய பழக்கத்தில் எங்களுக்குத்தான் கை நடுங்கியது. என் தலைமுறை நன்றாகச் சம்பாதித்தது. அவர் சின்ன வயதில் நீந்திய நொய்யலில் துணியில் நிற்காத சாயமெல்லாம் போய் நின்றது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதைப் பார்க்க அவர் இல்லை. பார்த்திருந்தால் ஆற்றை எந்தத் தலைப்பில் பற்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டிருப்பார்.

இப்போது என் மகள் குழந்தைகள் உடுப்பை ஆன்லைனில் விற்கப்போகிறாள். லெட்டர் பேடு அடிக்கவில்லை. லோகோவுக்கு மட்டும் மூன்று பேரோடு வீடியோ காலில் பேசினாள். நூல்கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், போனுக்கு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க என்றாள். சொன்னேன். என்னால் ஆன ஜாமீன் அந்த ஆறு எண்கள்தான்.

விடவில்லை நான். முதலீட்டுக்குப் பணம் தருகிறேன், ஆனால் உன் தாத்தா வழக்கப்படி ஒரு வட்டி என்றேன். போனில் தட்டிப் பார்த்தாள். "வருஷத்துக்குப் பன்னெண்டு ஆகுதுங்கப்பா. பேங்க்ல அதைவிடக் கம்மி."

முக்கால் வட்டிக்கு இறங்கியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.