மாதிரி

கழுத்தில் கிடக்கும் கயிற்றைப் பார்த்து உறவைச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் அதை அடையாள அட்டைக் கயிறாக்கி நிறம் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில் நீலக் கயிறு கட்டியவர் கம்பெனிக்காரர். பச்சைக் கயிறு கட்டியவர் வெண்டர் ஆள், அதாவது வெளி ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். நான் பச்சை. நாலு வருஷம் ஒரே நாற்காலியில் பச்சை.

முதல் நாள் எங்கள் நீலக் கயிற்று மேனேஜர் அழைத்து உட்காரவைத்துச் சொன்னார்: "இங்க வெண்டர், எம்ப்ளாயின்னு பிரிச்செல்லாம் பாக்குறதில்ல. எல்லாம் ஒன் டீம். நீங்களும் எங்க குடும்பம் மாதிரிதான்."

அந்த 'மாதிரி' அன்றைக்கே என் காதில் விழுந்திருக்க வேண்டும். பெற்ற மகளை யாராவது 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று சொல்வார்களா? பத்துப்பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணைத்தான் சொல்வார்கள். அவள் சம்பளம் ஏற்றிக் கேட்கிற மாதத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழுந்தால் நான் குடும்பம். காலையில் எழுப்பிவிட்டதற்கான பாராட்டு மெயில் வரும்போது நான் வெண்டர். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் ரிலீஸைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா, குடும்பம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும் லிஸ்ட்டா, வெண்டர். கேன்டீனில் அதே சாம்பார் சாதம் நீலத்துக்கு ஒரு விலை, பச்சைக்கு ஒரு விலை. குழம்பு மட்டும் பேதம் பார்க்காது. இருவருக்கும் ஒரே மாதிரி தண்ணியாக இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுன்ஹால் கூட்டம், நீலங்களுக்கு மட்டும். அன்று தளம் முழுக்கக் காலியாகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைத் தலைகள் மட்டும் தெரியும், முகூர்த்த நேரத்தில் அடுப்படியிலேயே நிற்கிறவர்களைப் போல. அந்தக் கூட்டம் அமெரிக்காவுக்கு நேரலையாகப் போகும். போகிற சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டது எங்கள் பச்சைக் கயிற்றுப் பையன் ஒருவன். படம் ஓடுகிறதா என்று அவன் பார்க்கலாம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய தலைப்பு, எல்லோரையும் அரவணைப்பது.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு டி-சர்ட்டுக்கும் கால் கிலோ மைசூர்பாகுக்கும் இவ்வளவு கணக்கா? கம்பெனி வக்கீலின் டிரெய்னிங் வீடியோ ஒன்றை நீலங்களுக்குப் போட்டபோது புரொஜெக்டரைச் சரிபண்ணப் போயிருந்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த மைசூர்பாகு ஒரு சாட்சி. நான் அதைத் தின்றுவிட்டால் கம்பெனிக்காரனாகிவிடுவேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் வருஷக்கணக்கில் ஆட்களைத் தற்காலிகம் என்று பெயர் வைத்து உட்காரவைத்திருந்தது. ஊழியருக்கு நீல அட்டை, இவர்களுக்கு ஆரஞ்சு அட்டை. மேசை ஒன்று, வேலை ஒன்று, மேனேஜரும் ஒருவரே. 'பெர்மாடெம்ப்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது, அதாவது நிரந்தரத் தற்காலிகம். வழக்குப் போட்டார்கள். 2000இல் கம்பெனி 9.7 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. ஊழியரைப் போல நடத்தினால் ஊழியருக்கு உள்ளதைக் கொடு என்பதுதான் வழக்கின் சாரம். நல்ல மனசுக்காரர்கள் என்ன செய்வார்கள்? கொடுப்பார்கள். கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. ஊழியரைப் போல நடத்துவதை நிறுத்திவிட்டன. வேலை வாங்குவதில் கைவைக்காமல், கேக், டி-சர்ட், கூட்டம், விழா ஆகியவற்றை மட்டும் நிறுத்தின. மைக்ரோசாஃப்ட் ஒருபடி மேலே போய், வருஷம் முடிந்தால் நூறு நாள் வெளியே போய்விட்டு வா என்றது. நிரந்தரம் ஆகிவிடாமல் இருக்க நூறு நாள் விரதம்.

கூகுளின் கதை இன்னும் நெஞ்சை அடைக்கும். 2019 மார்ச்சில் அங்கே சொந்த ஊழியர் சுமார் 1,02,000 பேர். தற்காலிகம், வெண்டர், கான்ட்ராக்டர் மூன்றும் சேர்த்து சுமார் 1,21,000 பேர். வீட்டுக்காரர்களை விட விருந்தாளிகள் அதிகம், ஆனால் விருந்து மட்டும் வீட்டுக்காரர்களுக்கு. 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் யூடியூப் அலுவலக வளாகத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவர் புகுந்து சுட்டார். அந்த நேரத்தில் பாதுகாப்புத் தகவல்கள் சொந்த ஊழியருக்கு மட்டும் போயின, நாங்கள் எதுவும் தெரியாமல் குண்டுக்கு நேரே நின்றோம் என்று அந்த ஒப்பந்த ஆட்கள் அந்த வருஷக் கடைசியில் கடிதம் எழுதினார்கள். துப்பாக்கிக்குக் கயிற்றின் நிறம் தெரியாது. எச்சரிக்கை அனுப்புகிற லிஸ்ட்டுக்குத் தெரியும். கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைக்கு. 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று வாட்ஸ்அப்பில் நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில்.

நம்ம ஊர்ச் சட்டம் மட்டும் என்னவாம்? 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒழிப்பு என்று பெயரிலேயே வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2001இல், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையில் இருந்தாலும் தொழிலாளியைத் தானாகவே நிரந்தரமாக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒப்பந்தமே போலி என்று நிரூபித்தால் மட்டும் பேசலாம். பிறகு பழைய சட்டங்கள் பலவற்றை வாரிச் சுருட்டி 2020இல் புதுத் தொகுப்பு எழுதினார்கள். 20 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்றிருந்தது 50 பேர் என்றானது. பெயரிலிருந்த 'ஒழிப்பு' காணாமல் போனது. இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒழிந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

இதையெல்லாம் சித்தாளுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் உள்ள சட்டம் என்று நாங்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். யூனியன் என்றால் மில் வாசலில் கொடி பிடிக்கிறவர்கள். நாங்கள் ஏசியில் உட்காருகிற இன்ஜினியர்கள். எங்கள் தளத்தைக் கூட்டுகிற அக்காவுக்கும் பச்சைக் கயிறுதான் என்பதை நான் கவனிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. எங்கள் அகங்காரத்துக்கும் ஏசி போட்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் 'போலி' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக நடக்கும் நாடகத்தைப் பாருங்கள். லீவு வேண்டுமென்றால் நீல மேனேஜரிடம் கேட்க வேண்டும், ஆனால் வாயால் மட்டும். அவர் தலையாட்டினால் வெண்டர் கம்பெனியில் முகமே பார்த்திராத ஒருவருக்கு மெயில் போட வேண்டும். அவர் 'பரிசீலித்து' அனுமதிப்பார். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஊரிலிருந்து போன் வந்த நாளில் மேனேஜர் சொன்னார்: "என்கிட்ட கேக்காதீங்க, நான் உங்க மேனேஜர் இல்ல. ஆனா புதன்கிழமை டெமோ இருக்கு, போகாதீங்க."

பணம் வரும் பாதை தனி. நீலக் கயிற்றுக் கம்பெனி பி.ஓ. என்கிற பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு ஒரு பெரிய வெண்டருக்குக் கொடுக்கும். பெரியவர் சின்னவருக்கு. சின்னவர், சம்பளச் சீட்டு அச்சடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இன்னொருவருக்கு. ஒவ்வொரு மடையிலும் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார். கடைமடையில் நான். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்டால் 'கான்ஃபிடென்ஷியல்' என்பார்கள். பி.எஃப்பில் முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் என் சம்பளக் கணக்குக்குள்ளேயே போட்டு, அதை 'பேக்கேஜ்' என்று வேறு சொன்னார்கள்.

எங்களுக்குப் பெயரும் கிடையாது. 'ரிசோர்ஸ்'. "ரெண்டு ஜாவா ரிசோர்ஸ் அனுப்புங்க", ரெண்டு லோடு எம்-சாண்ட் அனுப்புங்க என்கிற அதே குரலில். அதிலும் 'ஷேடோ' என்று ஓர் இனம் உண்டு. முழு வேலையும் செய்வான், பில்லில் இருக்க மாட்டான். மனுஷனை நிழல் என்று கூப்பிட்டுவிட்டால் கூலி கேட்காது பாருங்கள்.

நாலாவது வருஷக் கடைசியில் 'ராம்ப் டவுன்' என்றார்கள். வேலையை விட்டு எடுக்கிறோம் என்று சொல்வதற்கு இவர்களுக்கு நாக்கு வராது. சாய்தளத்தில் மெதுவாக இறங்குவது போல ஒரு சொல். ரெண்டு வாரம் கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், கொடுக்கச் சொன்னார்கள். தெரிந்ததெல்லாம் புதுப் பச்சைக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு என்னைவிடக் குறைந்த ரேட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லாகின் செத்தது. வாசலில் கயிற்றைக் கழற்றி வாங்கிய செக்யூரிட்டி அண்ணன், "நானும் ஒண்ணாந்தேதியிலருந்து வேற பில்டிங் தம்பி" என்றார்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி ரெண்டே காலுக்கு போன் அடித்தது. நீல மேனேஜர்.

"தலைவா, தூங்கிட்டீங்களா? பேமென்ட் பேட்ச் நின்னுபோச்சு. புதுப் பையனுக்கு ஒண்ணும் புரியல. யு.எஸ். லைன்ல இருக்காங்க. ஒரு பத்து நிமிஷம் உள்ள வந்து பாத்துடுங்களேன். நீங்க நம்ம ஆளு."

நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்த 'மாதிரி' இல்லை.

எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். "பி.ஓ. இருக்கா சார்?" என்று கேட்டேன்.