பொய் சொல்வது கணக்கா, மீட்டரா?

கேள்வி: 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்பின் மின்தடை, கணக்குப்படி 529 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டுகிறது. இரண்டில் எது பொய்?

பதில்: இரண்டும் மெய்யே, பல்புதான் ஆளுக்கொரு முகம் காட்டுகிறது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது திறன் என்பதால், 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுக்க 0.43 ஆம்பியர் மின்னோட்டம் கிடைக்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை என்பதால், அது 529 ஓம் ஆகிறது. ஆனால் 1827இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதிருக்கும்போது மட்டுமே பொருந்துவது. பல்பின் டங்ஸ்டன் இழையோ எரியும்போது ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, குளிர்ந்த நிலையைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான தடையைக் காட்டுகிறது.

ஆகவே சுவிட்சைப் போட்ட கணத்தில் 40 ஓம் இழை வழியாக 5 ஆம்பியருக்கும் மேல் பாய, 100 வாட் பல்பு கண நேரம் 1,300 வாட் ஜமீன்தாராக வாழ்ந்து அடங்குகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே உயிர்விடுவதன் காரணமும் இதுவே. எரியும் பல்பின் தடையை அறிய விரும்புவோர் வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே அளந்து வகுத்துக்கொள்வதே முறை. ஓம் அளவையில் மீட்டரை மின்சாரத்தில் வைப்பவருக்குப் பல்பின் தடை தெரியாவிட்டாலும் புது மீட்டரின் விலை தெரிந்துவிடும்.